பாதிச் செபத்து அலை

சிங்கராசாவுக்கு வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும். மன்னார்த் தீவின் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் பிறந்த ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வெட்கக்கேடு வேறு கிடையாது. பதினாலு வயதில் தகப்பன் அவனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூடப் போயிருக்காது, காலையில் குடித்த கஞ்சி முழுவதும் வலையின் மேல் கிடந்தது. பழகினால் சரியாகிவிடும் என்று மறுநாளும் கூட்டிப்போனார்கள், அதற்கு மறுநாளும் கூட்டிப்போனார்கள். நாலாம் நாள் வள்ளத்துக்காரர்கள் பையனைத் தூக்கிக் கரையில் இறக்கி, "அண்ணை, இவன் மீனுக்குச் சாப்பாடு போடத்தான் சரி, பிடிக்கச் சரிவரான்" என்று தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

தகப்பன் அவனை அப்படியே கோயில் சுவாமியாரிடம் கொண்டுபோய் விட்டார். கோயிலைக் கூட்டவும், பீடத்தில் மெழுகுதிரி கொளுத்தவும், மணி அடிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலைக்காரனுக்குச் சங்கிலித்தாம் என்று பெயர், பறங்கியர் விட்டுப்போன சொல். அன்றைக்குக் கையில் எடுத்த மெழுகுதிரியை அவர் பிறகு கீழே வைக்கவே இல்லை. இந்தக் கதை நடக்கும்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வெள்ளைக்காரன் ஆட்சி. தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கி இருபது வருடமாகிறது.

கடலில் போகிறவனைவிடப் போகமுடியாதவன்தான் கடலை அதிகம் பார்ப்பான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குக் கடல் வேலைத்தலம். சிங்கராசாவுக்கு அது தன்னை வேண்டாம் என்று சொன்ன வீடு. விடியற்காலம் மணிக்கூட்டின் அடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கூடு என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நாலு பனந்தூண், மேலே ஓலை, நடுவில் ஒரு வெண்கல மணி, அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் தென்கடல் முழுவதும் தெரியும்.

அந்த நாளில் ஊரில் ஒவ்வொரு விடியலும் சண்டையோடுதான் தொடங்கும். இறங்கலாம் என்பான் ஒருவன், இறங்கக்கூடாது என்பான் மற்றவன், வாய்ச்சண்டை முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். சிங்கராசாவுக்கு இருபது வயதாக இருந்தபோது ஒருநாள் கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. காற்று இல்லை. எல்லோரும் வள்ளத்தைத் தள்ளத் தயாரானார்கள். இவர் சுவாமியாரிடம் ஓடிப்போய், "சுவாமி, இண்டைக்கு ஒருத்தரையும் விடாதேங்கோ. கடல் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு" என்றார். சுவாமியார் நல்ல மனிதர், பையன் சொன்னதைக் கேட்டு வழியை மறித்தார். பத்து மணிக்குக் கடல் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தபிறகு அந்த ஊரில் யாரும் விடியலில் சண்டை பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து வழக்கம் வந்தது. விடியற்காலைச் செபத்துக்கான திருந்தாதி மணி முடிந்து கொஞ்ச நேரத்தில் சங்கிலித்தாம் மறுபடி கயிற்றைப் பிடிப்பார். ஒற்றைமணி அடித்தால் கடல் நல்லது, போகலாம். இரட்டைமணி என்றால் கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது. மும்மணி என்றால் வள்ளத்தை இழுத்து மணலில் ஏற்றவேண்டும், யாரும் இறங்கக்கூடாது. ஊரின் பதினாலு வள்ளமும் அந்த மணிக்குக் கட்டுப்பட்டன. காற்று வாக்கில் கேட்டால் சுற்றியிருந்த வேறு கரைகளிலும் சிலர் கட்டுப்பட்டார்கள்.

அவர் கடலைப் பார்க்கிற விதம் தனி. காற்றை மூக்கால் பார்ப்பார். கிழக்கே பெருநிலத்திலிருந்து கொண்டல் அடித்தால் அடம்பன் பக்கத்து வைக்கோலும் மாட்டுச்சாணமும் மணக்கும். வாடை என்றால் தீவின் மறுபக்கத்து வடகடலின் சேற்று மணம். தெற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு மணமே கிடையாது. எந்த ஊரையும் தொடாமல் வருகிற காற்று அது, வெறும் உப்பு. அலையின் உயரத்துக்குத் தண்ணீருக்குள் ஒரு பனங்கம்பு நட்டு, சுண்ணாம்பால் மூன்று வளையம் போட்டிருந்தார். இதெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான்.

யாரும் செய்யாதது ஒன்று இருந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை அவர் செபத்தால் அளந்தார். மாதாவைப் பார்த்துச் சொல்லும் சின்னச் செபத்துக்கு அந்தக் காலத்தில் பிரியதத்த மந்திரம் என்று பெயர். பெரிய அலை ஒன்று விழுந்ததும் அதைத் தொடங்குவார். பக்கத்துக் காற்று எழுப்பிய அலை என்றால் செபம் பாதிக்கு வரும்போதே அடுத்தது விழுந்துவிடும். அது பாதிச் செபத்து அலை, வீட்டு நாயைப் போல, குரைக்கும், கடிக்காது. ஆனால் காற்றே இல்லாத விடியலில், செபத்தை முழுக்கச் சொல்லி ஆமென் போட்டபிறகு அடுத்த அலை ஆறுதலாக வந்து விழுந்தால், அது வேறு. எங்கேயோ தூரக்கடலில் புயல். அதன் அலை இங்கே வந்துகொண்டிருக்கிறது. போகும்போது வள்ளத்துக்கு அது தெரியவே தெரியாது. மீனோடு திரும்பும்போது கரைத்திட்டில் எழுந்து நின்று வள்ளத்தைப் புரட்டும். முழுச்செபத்து அலைக்கு மும்மணி.

அந்த அலைகளை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேரம் போவதே தெரியாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் பார்ப்பார். முழுக்கத் திறந்தால் நுரைதான் தெரியும், பாதி மூடினால்தான் அதற்குக் கீழே கடல் மூச்சு விடுவது தெரியும் என்பார். இந்த அலை போன ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டிருக்கும் என்று நினைப்பார். நாங்கள் பூசைக்குப் போய் வந்து சோறு தின்று படுத்தபோது, பெயர் தெரியாத ஒரு கடலில், பார்க்க ஒருவரும் இல்லாமல் இது எழுந்திருக்கும். திங்கள் முழுக்க நடந்து, செவ்வாய் முழுக்க நடந்து, மழையில் நனைந்து, வேறு நட்சத்திரங்களுக்குக் கீழே படுத்து, கடைசியில் தாழ்வுபாட்டு மணலில் வந்து தலை சாய்க்கிறது. அதற்கு வழி சொன்னது யார் என்று தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கும் உடம்பு இல்லாமல் போய்விடும். வெளிச்சம் சாம்பல் நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறுவதும், கொக்குகள் வந்து இறங்குவதும், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும். செபம் மட்டும் வாயில் தன்பாட்டில் ஓடும்.

அவரைத் தவிர அந்த நேரத்தில் கரையில் இருப்பவர் திரேசம்மா ஒருவர்தான். கைம்பெண், அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எட்டு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் பத்திநாதன் ஒற்றைமணி அடித்த ஒரு நாளில் கடலுக்குப் போனான், வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. அன்றைக்குக் கடலில் ஒரு குறையும் இருக்கவில்லை. மற்ற வள்ளமெல்லாம் நிறைய மீனோடு வந்தன. பத்திநாதன் தனியே அளவுக்கு மிஞ்சித் தூரம் போனான் என்றார்கள், வள்ளத்தின் பலகை இற்றுப்போயிருந்தது என்றார்கள். சங்கிலித்தாமை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை, திரேசம்மாவும் சொல்லவில்லை. விடியற்காலையில் செபமாலையோடு வந்து மணலில் உட்காருவார், அவ்வளவுதான். சிங்கராசா அவரைத் தாண்டிப்போகும்போது தலையை ஆட்டுவார், அவரும் ஆட்டுவார்.

சிங்கராசாவின் மனைவி மலேரியாக் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தபின் மிஞ்சியது ஒரே மகள் மாக்கிறட். அவளுக்குத் தை மாதம் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை எட்வேட் அதே ஊர்ப் பையன். அமைதியானவன். வலையில் கை வைத்தால் இரண்டு பேர் வேலை செய்வான். ஊர் வழக்கப்படி பெண்வீட்டுக்கே வந்து குடியிருந்தான். மகளைத் தூர ஊருக்கு அனுப்பாமல் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டேன் என்று சிங்கராசா ஊர் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மாசி பிறந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும் சித்திரையும்தான் பொன்னான மாதங்கள். வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் எழும்பியிருக்காது. கட்டாவும் பாரையும் கரைக்குக் கிட்ட வரும். அப்போது பிடித்துக் காயவைக்கிற கருவாடுதான் சோளகம் முடியும்வரை வீட்டுக்கு வீடு அடுப்பெரிக்கும். சோளகத்தில் தென்கடலை எட்டிப்பார்க்கவும் முடியாது.

அந்த மாசியில்தான் சங்கிலித்தாமின் மணி மாறியது. முதலில் வாரத்தில் ஒரு மும்மணி. பிறகு இரண்டு. பங்குனியில் ஒற்றைமணி கேட்பதே அபூர்வமாகிவிட்டது. அவர் பொய்யாக அடிக்கவில்லை. அதை அடித்துச் சொல்வேன். அலை விழும், செபத்தைத் தொடங்குவார், ஆமென் வந்துவிடும், அடுத்த அலை வந்திருக்காது. முழுச்செபம். திரும்பவும் பார்ப்பார், திரும்பவும் முழுச்செபம். தூரத்தில் எங்கேயோ ஓயாத புயல் ஒன்று இந்த வருடம் குடியிருக்கிறது என்றுதான் அவர் உண்மையாகவே நம்பினார். மும்மணி அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் எட்வேட் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்கும் மணிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அரண்டவனுக்குத் தான் அரண்டது தெரியவேண்டுமே.

சித்திரை தொடக்கத்தில் அபூசாலி மாட்டுவண்டியோடு வந்தார். மன்னார் பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி. இருபது வருடமாக இந்தக் கரைக்கு வந்து போகிறவர். மீன் காயப்போடும் பந்தல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே கோயிலடிக்கு வந்தார்.

"அண்ணை, உங்கட பந்தலெல்லாம் வெறுமனே கிடக்கு. என்ன நடந்தது?"

"கடல் சரியில்லை, நானா. நாளுக்கு நாள் மும்மணி."

அபூசாலி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "அங்கால கரையில காயப்போட இடமில்லாமக் கிடக்கு. உங்கட மணி கேட்டு முதல்ல அவங்களும் நிண்டவங்கள்தான். பிறகு பொறுக்கேலாமல் இறங்கியிருக்கிறாங்கள். கடல் தொட்டில் மாதிரிக் கிடந்ததாம். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லுறன், உங்களில குறை சொல்ல வரேல்ல. ஆனா உங்கட மணிக்கு என்ன வந்தது எண்டு நீங்கள்தான் பார்க்கவேணும்."

அபூசாலி வெறும் வண்டியோடு திரும்பினார். அது ஊருக்குப் புதிது. பின்னேரம் ஆவதற்குள் அவர் சொன்னது வீட்டுக்கு வீடு போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வலை காயப்போடும் இடத்தில் ஒருவன் எட்வேட்டைப் பார்த்து, "மாமனார் உனக்குச் சீதனமா மும்மணி எல்லோ எழுதித் தந்திருக்கிறார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபின் ஒருவன் சிரிக்காமல் சொன்னான், சோளகத்தில் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று. எட்வேட் எழுந்து வந்துவிட்டான்.

மறுநாளும் மும்மணிதான். மத்தியானம் பழஞ்சோறும் சம்பலுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எட்வேட் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"மாமா, தலைமன்னார்க் கப்பல் பாலத்தடியில மூட்டை இறக்க ஆள் எடுக்கிறாங்களாம். நாளைக்கு விடிய ரயிலில போறன்."

"கடலை விட்டிட்டோ?"

"நான் கரையில நிண்டா உங்கட மணி நேராகும் எண்டு ஊர் சொல்லுது. எனக்கும் அப்பிடித்தான் படுது. ஊரிண்ட சோத்தில நான் மண்ணா இருக்கக்கூடாது."

மாக்கிறட் கணவனையும் பார்த்தாள், தகப்பனையும் பார்த்தாள். அவள் வயிற்றில் அப்போது மூன்று மாதம். இருவருக்கும் இன்னொரு கரண்டி சம்பல் வைத்தாள்.

சிங்கராசாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். மணியைக் குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் வந்தது சந்தோஷம். மூட்டை சுமக்கிறவனுக்கு முதுகு நோகும், முழங்கால் நோகும், ஆனால் உயிரோடு வீட்டுக்கு வருவான். "சரி, தம்பி. உம்மட விருப்பம்" என்றார். சொல்லும்போது குரலை வருத்தமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அன்று பின்னேரம் பூவரசு நிழலில் படுத்து நன்றாகத் தூங்கினார். கனவில் தென்கடல் வற்றி அடம்பன் பக்கத்து வயல்போல ஆகியிருந்தது. அலையெல்லாம் கதிர். எட்வேட் அதற்கு நடுவே முழங்காலளவு பச்சையில் நடந்து வந்தான். மாக்கிறட் வரம்பில் சாப்பாட்டுப் பானையோடு நின்றாள். வயலுக்குள் எங்கேயோ யாரோ ஒருத்தி செபம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆள் தெரியவில்லை. தூங்கி எழும்பியபோது அவருக்கு உடம்பு இலேசாக இருந்தது.

மறுநாள் விடியலில் திருந்தாதி மணியை அடித்துவிட்டுக் கரைக்குப் போனார். திரேசம்மா வழமையான இடத்தில் உட்கார்ந்திருந்தார். கொண்டல் மெல்லியதாக அடித்தது, அடம்பன் வைக்கோல் மணத்தது. கடல் கருநீலமாக, நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே கிடந்தது. பனங்கம்பில் முதல் வளையத்தைக்கூட அலை தொடவில்லை. பெரிய அலை ஒன்று விழுந்தது. சிங்கராசா செபத்தைத் தொடங்கினார். பாதிக்கு வந்து சேசுநாதர் பெயரைச் சொல்லும்போதே அடுத்த அலை விழுந்துவிட்டது. திரும்பவும் பார்த்தார். பாதி. மூன்றாம் தடவையும் பாதி. இரண்டு மாதமாகக் காணாத பாதிச் செபத்து அலை. புயல் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"இண்டைக்குச் செபம் ஆறுதலாப் போகுது, தம்பி" என்றார் திரேசம்மா.

எட்டு வருடத்தில் அவர் அந்த இடத்திலிருந்து வாய் திறந்து அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. சிங்கராசா நின்றார்.

"என்ன சொல்லுறியள், அக்கா?"

"மாசி தொடங்கினதில இருந்து நீர் ஓட்டமா ஓடினீர். நாய் துரத்தினதுபோல. நான் அரைவாசி சொல்லமுன்னம் நீர் ஆமென் சொல்லிப்போடுவீர். நானும் இஞ்ச இருந்து அதைத்தானே சொல்லுறன், எனக்குக் கேட்கும். இண்டைக்குத்தான் பழைய மாதிரிச் சொன்னீர்."

சிங்கராசாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். புயல் எங்கேயும் இருக்கவில்லை. அலை மாறவில்லை. பயத்தில் செபம் ஓடியிருக்கிறது. ஓடுகிற செபத்துக்கு எந்த அலையும் பிந்தித்தான் வரும். இருபத்தெட்டு வருடமாக வைத்திருந்த அளவுகோல் அவருக்குத் தெரியாமலே குறுகிப்போயிருக்கிறது. ஊரின் இரண்டு மாதத்துச் சோற்றை அவருடைய நாக்கு தின்றிருக்கிறது.

"எட்வேட் இண்டைக்கு ரயிலேறுறானாம்" என்றார் திரேசம்மா.

"ஓம், அக்கா. கொஞ்ச நேரத்தில போயிடுவான்."

"அதுதான் செபம் ஆறுதலா வருது." அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். குரலில் சூடு இருக்கவில்லை. "உம்மட பிள்ளை ரயிலில. மற்றவளவையின்ர பிள்ளையள் கடலில. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்."

எட்டு வருடமாகக் கேட்காமல் விட்டதைச் சிங்கராசா அப்போது கேட்டார்.

"பத்திநாதன் போன அண்டு நான் அடிச்ச மணி பிழையோ, அக்கா?"

"சரியான மணி. கடலில ஒரு குறையும் இல்லை, எனக்குத் தெரியும். அண்டு நீர் மும்மணி அடிச்சிருந்தா அதுதான் பிழை." செபமாலையில் ஒரு மணியைத் தள்ளினார். "அண்டும் உமக்குச் செபம் ஆறுதலாத்தான் வந்தது. பிள்ளையை அனுப்ப வந்து கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்லியிருந்தால் சிங்கராசா ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பியிருப்பார்.

வீட்டுக்கு அவர் நடந்து போகவில்லை, ஓடினார். எட்வேட் உடுப்பைத் துணியில் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தான். மாக்கிறட் தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டியை வாழையிலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ரயிலுக்குப் போகவேண்டாம். வள்ளத்தடிக்குப் போம்."

"மணி இன்னும் கேட்கேல்லயே, மாமா."

"இப்ப பார்த்துச் சொல்லுறன். என்ன மணியோ, அந்த மணி. உமக்கெண்டு ஒண்டு, ஊருக்கெண்டு ஒண்டு இல்லை."

எட்வேட் மனைவியைப் பார்த்தான். மாக்கிறட் மூட்டையை அவிழ்த்து, கடலுக்குக் கட்டுகிற பழைய சாரத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கும்வரை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சிங்கராசா மறுபடி கரைக்கு வந்தார். எட்வேட் கடலுக்குப் போகப்போகிறான் என்று தெரிந்த அந்தக் கணமே கடல் மாறிவிட்டதுபோல இருந்தது. கருநீலமாகக் கிடந்த அதே தண்ணீர் இப்போது இருண்டிருந்தது. அலை உயர்ந்ததுபோல, பனங்கம்பு குட்டையானதுபோலத் தெரிந்தது. செபத்தைத் தொடங்கினார். நாக்கு குதிரை மாதிரி ஓடியது. நிறுத்தினார். இந்த நாக்கை நம்பமுடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நான் கடலை மட்டும் பார்க்கிறன்."

திரேசம்மா செபமாலை மணியை விரலில் பிடித்தார். பெரிய அலை விழுந்தது. அவர் சொல்லத் தொடங்கினார். எட்டு வருடமாக ஒரே வேகத்தில் தேய்ந்த குரல். அவசரமும் இல்லை, சோர்வும் இல்லை. சிங்கராசா கண்ணைப் பாதி மூடினார். நுரை மறைந்தது. கீழே கடல் மெதுவாக எழுந்து தாழ்ந்தது. அந்தக் குரலும் அதுவும் ஒரே மூச்சில் போயின. எந்த ஊரில் இருக்கிறோம், எந்த வருடம் என்பதெல்லாம் கொஞ்ச நேரம் அவரை விட்டுப் போனது. சேசுநாதர் பெயர் வந்தபோது அலை விழுந்தது. இன்னொரு தடவை. அதே பெயர், அதே அலை. மூன்றாம் தடவை அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை, திரேசம்மா தானாகவே சொன்னார். பாதிதான்.

மணிக்கூட்டுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். இழுத்தார். ஒற்றைமணி ஊரின் மேலாகப் போனது. கயிறு கையில் திரும்பி வந்தபோது இன்னும் இரண்டு தடவை இழுக்கச் சொல்லி உடம்பு முழுவதும் துடித்தது. இரண்டே இரண்டு இழுவை. எட்வேட் வீட்டுக்கு வந்துவிடுவான். சிங்கராசா கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டினார். அவிழ்க்க நேரமெடுக்கிறமாதிரி முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டார்.

கரையில் ஆரவாரம் எழுந்தது. இரண்டு மாதத்துப் பசி பதினாலு வள்ளத்தையும் ஒரே தள்ளில் தண்ணீருக்குள் இறக்கியது. பாய்கள் விரிந்தன. கொண்டல் அவற்றை நிரப்பியது.

மணி அடித்தபின் சிங்கராசா கோயிலுக்குள் போய்ப் பாயைப் போட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவதுதான் வழக்கம். விடியலில் எழும்புகிறவருக்கு அது நியாயம்தானே. அன்று கோயில் வாசல்வரை போனார். உள்ளே கால் போகவில்லை. திரும்பி மணலுக்கு வந்தார்.

பெண்கள் அங்கே நின்றார்கள். முப்பது பேர் இருக்கும். இடுப்பில் பிள்ளையோடு சிலர், வெறும் கையோடு சிலர். மாக்கிறட் அவர்களுக்கு நடுவில் நின்றாள். பாய்கள் சின்னதாகி, வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் வெளிச்சத்தில் கரைந்தபின்தான் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஒவ்வொரு ஒற்றைமணிக்கும் இது நடந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடம். இந்த நேரத்தில் அவர் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தன் மணியின் சத்தம் எங்கே போய் விழுகிறது என்று அவர் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. அதை நினைத்தபோது தானும் அந்த வள்ளங்களில் ஏறியிருப்பதுபோல அவருக்கு இருந்தது.

திரேசம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். சிங்கராசா உட்கார்ந்தார். வெயில் ஏறியது. மணல் சுட்டது. மாக்கிறட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கடலும் வானமும் ஒரே நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் மினுங்கின. அதற்குள் பலதடவை அவர் பாய் வருவதைக் கண்டார். ஒன்றும் பாய் அல்ல. செபமாலை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

மத்தியானம் திரும்பியபின் முதல் பாய் தெரிந்தது. பிறகு இரண்டு, பிறகு ஒரு கூட்டம். சிங்கராசா எழுந்து நின்று விரல் விட்டு எண்ணினார். ஆறு. ஒன்பது. பன்னிரண்டு. பெண்கள் ஓலைக்கடகத்தோடு ஓடிவந்தார்கள். பதின்மூன்றாவது வள்ளத்தின் முன்பக்கத்தில் எட்வேட் நின்றான். முழங்காலளவு மீனுக்குள் நின்று அவன் கையைத் தூக்கினான். சிங்கராசா அழுதார். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. கடைசி வள்ளமும் மணலில் ஏறியது.

"பதினாலும் வந்திட்டுது, அக்கா" என்றார். சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "எழும்புங்கோ, வீட்டை போவம். மாக்கிறட் மீன் காய்ச்சுவாள், நீங்களும் வந்து சாப்பிடுங்கோ."

திரேசம்மா எழும்பவில்லை. கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

"நீர் போம், தம்பி. எனக்கு இன்னும் ஒண்டு வரவேணும்."

கரை முழுக்கச் சிரிப்பும் மீன் மணமுமாக இருந்தது. எட்வேட் வள்ளத்தடியிலிருந்து மாமா என்று கூப்பிட்டான். சிங்கராசா அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு, மறுபடியும் திரேசம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.